நாற்பது நாள் ஓடிய அதிவேக ரயில்

2012 டிசம்பர் 9ஆம் தேதி ஐரோப்பிய ரயில்களின் கால அட்டவணை ஆண்டுதோறும் மாறுவதுபோல மாறியது. அன்றோடு ஆம்ஸ்டர்டாமுக்கும் பிரசெல்ஸுக்கும் இடையே 1957 முதல் ஓடிவந்த பெனலக்ஸ் ரயில் நிறுத்தப்பட்டது. அது மணிக்கொன்றாக வரும் ரயில், முன்பதிவு வேண்டியதில்லை, வேகம் குறைவென்றாலும் இரு நாட்டு மக்களுக்கும் பழகிப்போனது. அதன் இடத்தில், மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்துக்கென இத்தாலியில் கட்டப்பட்ட 'ஃபிரா' என்னும் புதிய ரயில் முன்பதிவுக் கட்டாயத்தோடு வந்தது. பழைய ரயில் நின்று சென்ற ஹேக் நகரத்துக்கு இந்தப் புதிய ஏற்பாட்டில் இடமே இல்லை. 2013 ஜனவரி 17ஆம் தேதியோடு ஃபிரா நின்றுபோனது. அதன் கீழ்ப்பகுதித் தகடு ஒன்று பெல்ஜியத் தண்டவாளத்தில் விழுந்து கிடந்ததும், மற்ற ரயில்களின் அடிப்பகுதியிலும் பனிக்கட்டியால் சேதம் காணப்பட்டதும், பெல்ஜியப் பாதுகாப்பு ஆணையம் அந்த ரயிலைத் தன் நாட்டுப் பாதையில் ஓட்டக்கூடாதென்று தடுத்துவிட்டது. இரு நாடுகளுக்கிடையே அது ஓடியது மொத்தம் 40 நாள்.

இந்தக் கதையை ஒரு மோசமான ரயிலின் கதையாகச் சொல்வது எளிது; பலர் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் புதிய ரயில்கள் எல்லாமே முதல் மாதங்களில் ஏதோ ஒரு வகையில் இடறத்தான் செய்கின்றன. அந்த இடறல் எங்கிருந்து வருகிறது, எந்த நிலையில் அது வெறும் தாமதமாக முடிகிறது, எந்த நிலையில் ஒரு சேவையையே கொன்றுவிடுகிறது என்பதைப் பார்க்க ஃபிராவைப் போல வசதியான உதாரணம் வேறு கிடைப்பது கடினம்.

முதலில் பொதுவான காரணம். ஓர் இயந்திரத்தின் பழுதுகளைக் காலத்தோடு சேர்த்து வரைந்தால் அந்தக் கோடு குளியல் தொட்டியின் குறுக்குவெட்டைப் போல இருக்கும் என்று பொறியாளர்கள் சொல்வார்கள்: தொடக்கத்தில் உயரம், நடுவில் நீண்ட தாழ்வு, முதுமையில் மறுபடி உயரம். தொடக்க உயரத்துக்குக் காரணம் தேய்மானமன்று. சரியாக முறுக்காத திருகு, உரசும்படி கட்டிய கம்பிவடம், யாரும் நினைத்துப் பார்க்காத சூழ்நிலையில் தடுமாறும் மென்பொருள் போன்றவை. ரயிலுக்கு இது காரைவிடக் கடுமையாகப் பொருந்தும். ஒரு கார் மாதிரியை லட்சக்கணக்கில் செய்கிறார்கள். அதற்கு முன் நூற்றுக்கணக்கான முன்மாதிரிகளை ஓட்டிக் கெடுத்துப் பார்க்கிறார்கள். ஒரு ரயில் மாதிரியோ பல நேரங்களில் இருபது, ஐம்பது என்ற எண்ணிக்கையிலேயே முடிந்துவிடும். ஃபிராவுக்கு நெதர்லாந்து 16, பெல்ஜியம் 3 என 19 ரயில்கள்தான் வாங்கப்பட்டன. வேறெந்த நாடும் அந்த மாதிரியை வாங்கியிருக்கவில்லை. அதாவது, அந்த 19 ரயில்களுமே முன்மாதிரிகள்தாம். பயணிகளே சோதனை ஓட்டுநர்கள்.

சிறிய தவறு எப்படிப் பெருகுகிறது என்பதற்குக் கதவு நல்ல எடுத்துக்காட்டு. எல்லாக் கதவுகளும் மூடிப் பூட்டிக்கொண்டன என்ற சமிக்ஞை வராதவரை இன்றைய ரயிலின் மோட்டாருக்கு மின்சாரம் போகாது. பாதுகாப்புக்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். ஒரு ரயிலில் 20 கதவுகள், ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 100 முறை இயங்குகிறது என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். பத்தாயிரம் முறைக்கு ஒருமுறைதான் கதவு அடம்பிடிக்கிறது என்றாலும், ஐந்து நாளுக்கு ஒருமுறை அந்த ரயில் நிலையத்தில் அசையாமல் நிற்கும். அப்படி 19 ரயில்கள் இருந்தால் ஏறக்குறைய நாளுக்கு நான்கு இடத்தில் ஏதோவொரு ரயில் நிற்கிறது. தொழிற்சாலையின் சோதனைக் கூடத்தில் ஒரு கதவை ஆயிரம் முறை திறந்து மூடி, ஒரு தவறும் இல்லை என்று கையெழுத்திட்டவர் பொய் சொல்லவில்லை. அவருடைய சோதனை இந்த எண்ணிக்கையைத் தொடவில்லை, அவ்வளவுதான்.

இனி ஃபிராவுக்கே உரிய சிக்கல்கள். ஆம்ஸ்டர்டாமிலிருந்து புறப்படும் ரயில், நெதர்லாந்தின் (டச்சு) பழைய பாதையில் 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில் தொடங்கி, ஸ்கிபோல் விமான நிலையத்துக்கு அப்பால் புதிய அதிவேகப் பாதையில் 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு மாறி, ராட்டர்டாமில் பழைய 1,500 வோல்ட்டுக்குத் திரும்பி, மறுபடி 25,000 வோல்ட்டுக்குப் போய், பெல்ஜியத்தின் பழைய பாதையில் 3,000 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓட வேண்டும். இது வெறும் சுவிட்சு மாற்றும் வேலை அல்ல. மூன்று மெகாவாட் ஆற்றலை 25,000 வோல்ட்டில் எடுக்க 120 ஆம்பியர் போதும்; அதே ஆற்றலை 1,500 வோல்ட்டில் எடுக்க 2,000 ஆம்பியர் வேண்டும். மேல்நிலைக் கம்பியைத் தொட்டுக்கொண்டு போகும் பேன்டோகிராஃப், உள்ளே உள்ள மின்மாற்றி, சர்க்யூட் பிரேக்கர், மோட்டார்களை ஆளும் மின்னணுக் கருவிகள் எல்லாம் இந்த இரண்டு உலகத்திலும் வாழப் பழக வேண்டும். ஒரு மின்னழுத்தத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடத்தில் மின்சாரமே இல்லாத சிறு துண்டு ஒன்று உண்டு. அங்கே ரயில் தன் வேகத்தின் உந்தலிலேயே உருண்டு கடக்க வேண்டும். ஏதோ காரணத்தால் அந்தத் துண்டில் நின்றுவிட்டால் தானாக நகர முடியாது. இன்னொரு எஞ்சின் வந்து இழுக்க வேண்டும்.

சிக்னலும் இதே கதைதான். பழைய டச்சுப் பாதையில் ஏ.டி.பி., பெல்ஜியத்தில் டி.பி.எல்., அதிவேகப் பாதையில் ஈ.டி.சி.எஸ். இரண்டாம் நிலை எனப்படும் ஐரோப்பியப் பொது முறை. இந்த மூன்றாவது முறையில் பாதையோரத்தில் சிக்னல் விளக்கே கிடையாது. எவ்வளவு தூரம், எவ்வளவு வேகத்தில் போகலாம் என்ற அனுமதி வானொலி வழியே ரயிலின் கணினிக்கு வருகிறது. தொடர்பு அறுந்தால் அல்லது கணினிக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பதில் ஐயம் வந்தால், அது செய்யத் தெரிந்த ஒரே காரியம் பிரேக் போடுவது. ஃபிராவை 2004இல் வாங்க ஒப்பந்தம் செய்தபோது இந்த ஐரோப்பிய முறையே முழுமை பெற்றிருக்கவில்லை. அதன் விதிமுறை 2.2.2 என்ற பதிப்பிலிருந்து 2.3.0 என்ற பதிப்புக்கு இடையில் மாறியது, பாதையும் ரயிலும் அதற்கேற்பத் திருத்தப்பட வேண்டியதாயிற்று. வீடு கட்டிக்கொண்டிருக்கும்போதே அளவுகோலின் நீளம் மாறினால் கொத்தனாரை எவ்வளவு குறை சொல்ல முடியும்? 2007இல் வந்திருக்க வேண்டிய ரயில் வராததால், 2009 செப்டம்பர் முதல் சாதாரண மின் எஞ்சின்களைக் கொண்டு பழைய பெட்டிகளை இழுத்து அந்தப் பாதையில் இடைக்காலச் சேவை நடத்தினார்கள். அந்த எஞ்சின்களும் மின்சாரமும் சிக்னலும் மாறும் அதே இடங்களில் தொல்லை கொடுத்தன. ஆகவே எல்லாப் பழியையும் இத்தாலிய ரயிலின் தலையில் இறக்கி வைக்க முடியாது.

பனி வேறு வகை. வேகமாகப் போகும் ரயில் தரையில் கிடக்கும் பொடிப் பனியைக் கிளப்புகிறது. அது பெட்டிகளின் அடிப்பகுதியில் ஒட்டிக் கட்டியாக உறைகிறது. அதிர்விலோ, சற்றே வெப்பம் கூடும்போதோ அந்தக் கட்டி உதிர்ந்து விழுந்து, ஜல்லியில் மோதி, கற்களையும் பனித்துண்டுகளையும் மேல்நோக்கித் தெறிக்கச் செய்கிறது. அடிப்பகுதியில்தான் மின்னணுக் கருவிகள், குழாய்கள், கம்பிவடங்கள் எல்லாம் மூடுதகடுகளுக்குப் பின்னால் தொங்குகின்றன. அதனால்தான் பனி கொட்டும்போது அதிவேக ரயில்களின் வேகத்தைக் குறைப்பது பல நாடுகளில் வழக்கம். உற்பத்தி நிறுவனமான அன்சால்டோபிரெடா, பனியில் அளவுக்கு மீறிய வேகத்தில் ஓட்டியதே சேதத்துக்குக் காரணம் என்று வாதிட்டது. பெல்ஜியத் தரப்பு அமர்த்திய வல்லுநர்களோ பனிக்குத் தொடர்பில்லாத குறைகளையும் பட்டியலிட்டார்கள்: துரு, ஒழுங்காகக் கட்டப்படாத கம்பிவடங்கள், நீர் புகும் இடங்கள், பிரேக் பற்றிய ஐயங்கள். 2013 மே 31ஆம் தேதி பெல்ஜியம் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. மூன்று நாள் கழித்து டச்சு ரயில்வேயும் விலகியது.

அந்த ரயில்கள் இரு நாட்டிலும் உரிய சான்றிதழ்களோடுதான் பயணிகளை ஏற்றின என்பதை இங்கே நிறுத்தி யோசிக்க வேண்டும். சான்றளிக்கும் முறை, ரயில் விதிகளுக்கு இணங்குகிறதா என்று பார்க்கிறது. வடிவமைப்பு ஆவணங்கள், பிரேக் தூரம், தீப்பிடிக்காத தன்மை, சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையிலான விசை போன்றவற்றைச் சரிபார்க்கிறது. 'நாளை காலை ஏழு மணிக்கு இந்த ரயில் கிளம்புமா?' என்ற கேள்வி அதன் எல்லைக்குள் வராது. முதல் ரயிலை அலசி ஆராய்ந்து தரும் சான்று பதினைந்தாவது ரயிலில் கம்பிவடம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதையும் காட்டாது. அது வாங்குபவரின் வேலை: தொழிற்சாலையில் ஆள் வைத்துப் பார்ப்பது, ஒவ்வொரு ரயிலையும் பயணிகளின்றிப் பல்லாயிரம் கிலோமீட்டர் ஓட்டிப் பார்ப்பது, பழுதுக்கும் பழுதுக்கும் இடைப்பட்ட தூரம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தொடாதவரை பெற்றுக்கொள்ள மறுப்பது. செக் நாட்டில் வெலிம் என்னுமிடத்தில் 13 கிலோமீட்டர் நீளச் சோதனை வளையம் இருக்கிறது. ஐரோப்பாவின் புதிய ரயில்கள் பல அங்கே சுற்றிச்சுற்றி ஓடிப் பழகுகின்றன. ஆனால் வளையத்தில் நாட்டு எல்லை கிடையாது. கைப்பெட்டியைக் கதவிடுக்கில் வைக்கும் பயணியும் கிடையாது.

ஃபிராவைக் கட்டிய அதே அன்சால்டோபிரெடா டென்மார்க்குக்கு விற்ற ஐ.சி.4 ரயில்களின் வரலாறு, மறுப்பதற்கான வாய்ப்பைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதைக் காட்டுகிறது. 2000ஆம் ஆண்டு 83 டீசல் ரயில்களுக்கு ஆணை கொடுத்தார்கள். இரண்டு மூன்று ரயில்களை இணைத்து ஓட்டுவதும், வழியில் பிரித்து வெவ்வேறு ஊருக்கு அனுப்புவதும் டேனிஷ் ரயில்வேயின் அடிப்படைத் தேவை. இணைத்தவுடன் ஒரு ரயிலின் கணினி மற்றதன் கணினியோடு பேச மறுத்தது. பயணிகளை ஏற்றிய முதல் ரயில் ஓடியது 2007இல்தான். 2011 நவம்பரில் மார்ஸ்லேவ் என்னும் ஊரருகே ஒரு ஐ.சி.4 ரயில் சிவப்புச் சிக்னலைத் தாண்டிப் போய் நின்றதும், எல்லா ஐ.சி.4 ரயில்களையும் நிறுத்தி வைத்துப் பிரேக்கை ஆராய வேண்டியதாயிற்று. டென்மார்க்குக்கென்று கட்டிய ரயில்களில் ஒன்று பின்னர் லிபியாவில் இருப்பது தெரியவந்தது. இத்தாலியப் பிரதமர் பெர்லுஸ்கோனி அதை கடாஃபிக்குப் பரிசாகத் தந்திருந்தார் என்று செய்திகள் வெளிவந்தன. டேனிஷ் மக்கள் கசப்போடு சிரித்துக்கொள்ள இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அங்கே பழைய ஐ.சி.3 ரயில்களைத் தொடர்ந்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதனால் நாட்டின் தொலைதூரப் போக்குவரத்து நின்றுபோகவில்லை.

இத்தாலியத் தொழிற்சாலை என்றால் அப்படித்தான் என்று முடிவு கட்டுபவர்கள் பிரிட்டனைப் பார்க்கலாம். தரத்துக்குப் பெயர்போன ஹிட்டாச்சி கட்டிய 800 வகை ரயில், 2017 அக்டோபர் 16ஆம் தேதி பிரிஸ்டலிலிருந்து லண்டனுக்கு முதல் பயணம் போனபோது, ஏசி கருவியிலிருந்து ஒழுகிய தண்ணீர் பயணிகள்மேல் கொட்டியது. ரயில் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. பெட்டியில் போக்குவரத்து அமைச்சரும் பத்திரிகையாளர்களும் இருந்தார்கள் என்பதால் நாடே அறிந்தது. இது குளியல் தொட்டியின் இடது விளிம்பு. சில வாரங்களில் சரியாகிவிடக்கூடியது. இன்னும் நுட்பமான சிக்கல் கிழக்குக் கடற்கரைப் பாதையில் வந்தது. யார்க் நகரத்துக்கு வடக்கே உள்ள பழைய சிக்னல் கருவிகளை இந்த ரயில்களின் மின்காந்த அலைகள் குழப்பக்கூடும் என்று சோதனையில் தெரிந்தது. ரயிலிலும் குறையில்லை, சிக்னலிலும் குறையில்லை; இரண்டும் சேர்ந்தபோதுதான் குறை பிறந்தது.

2021 மே 8ஆம் தேதி நடந்தது முற்றிலும் வேறு. வழக்கமான ஆய்வில், பெட்டியைத் தூக்குவதற்கான தகடுகளிலும், பக்கவாட்டு ஆட்டத்தை அடக்கும் டேம்பர் பொருத்தப்படும் இடத்திலும் விரிசல்கள் காணப்பட்டதால், பிரிட்டனின் முக்கிய வழித்தடங்களில் இந்த ரயில்கள் ஒரே நாளில் நிறுத்தப்பட்டன. ரயில்வே ஒழுங்குமுறை அமைப்பு ஆராய்ந்தபோது இரண்டு தனித்தனிக் காரணங்கள் கிடைத்தன: தூக்கும் தகட்டில், அலுமினியக் கலவை ஈரத்திலும் உப்பிலும் அரித்து, உள்ளிருக்கும் இழுவிசையால் பிளந்திருந்தது, டேம்பர் பொருந்துமிடத்தில், எதிர்பார்த்ததைவிட அதிகமான சுமை திரும்பத் திரும்ப விழுந்ததால் உலோகம் சோர்ந்திருந்தது. இவை தொழிற்சாலையில் எவரோ கவனக்குறைவாக விட்டவை அல்ல. ஓடத் தொடங்கி மூன்றரை ஆண்டு கழித்துத்தான் கண்ணுக்குத் தெரிந்தன. இந்த வகைக் குறைக்கு எத்தனை மாதச் சோதனை ஓட்டமும் மருந்தாகாது. ஒழுங்கான ஆய்வும், விரிசலைக் கண்ட அன்றே ரயிலை நிறுத்தும் துணிச்சலும்தான் காப்பாற்றும். அன்று இரண்டும் இருந்தன.

அளவுப் பிழைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவை சிரிப்புக்கு உரியவை, பெரும்பாலும் திருத்தக்கூடியவை. பிரான்சில் 2014இல் புதிய வட்டார ரயில்கள் ஏறக்குறைய 1,300 பழைய நடைமேடைகளில் உரசும் என்று தெரிந்து, 5 கோடி யூரோ செலவில் நடைமேடை விளிம்புகளைச் செதுக்கினார்கள். புதிதாகக் கட்டிய நடைமேடைகளின் அளவை எடுத்துக்கொண்டு பழையவற்றை மறந்ததே காரணம். ஸ்பெயினின் வடக்கு மாகாணங்களில் பழைய சுரங்கங்களுக்குள் நுழையாத அளவில் 31 ரயில்களுக்கு ஆணை கொடுத்திருந்தார்கள். ஒன்றைக்கூடக் கட்டுவதற்கு முன்பே தயாரிப்பாளர் அதைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார். ஆயினும் 2023இல் விஷயம் வெளியே வந்தபோது ரயில்வே தலைவரும் போக்குவரத்துத் துறைச் செயலரும் பதவி விலகினார்கள். அரசியல் விலை சில நேரம் பொறியியல் விலையைவிட அதிகம்.

சென்னையில் இதைப் படிப்பவர்களுக்குப் பெரம்பூர் நினைவுக்கு வந்திருக்கும். அங்குள்ள ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் 18 மாதத்தில் கட்டப்பட்ட 'டிரெயின் 18', வந்தே பாரத் என்ற பெயரில் 2019 பிப்ரவரி 15ஆம் தேதி டெல்லியில் கொடியசைத்து அனுப்பப்பட்டது. மறுநாள் வாராணசியிலிருந்து திரும்பும் வழியில் துண்ட்லா அருகே கடைசிப் பெட்டிகளில் பிரேக் இறுகி நின்றது. தண்டவாளத்தில் வந்த மாடு மோதியதே காரணமாக இருக்கலாம் என்று ரயில்வே சொன்னது. 2022 அக்டோபர் 6ஆம் தேதி, மும்பையிலிருந்து காந்திநகர் போன வந்தே பாரத் எருமைக் கூட்டத்தில் மோதி மூக்குப்பகுதி உடைந்தது. இரண்டு நாள் கழித்து வாராணசி ரயிலில் ஒரு மோட்டாரின் பேரிங் பழுதாகிச் சக்கரம் இறுகியது. முதல் வகைச் சிக்கலுக்கு வடிவமைப்பாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. மூக்கை நார்க்கண்ணாடியால் செய்வது, அது உடைந்து பின்னால் உள்ளவற்றைக் காப்பதற்காகத்தான். வேலியில்லாத பாதையில் 130 கிலோமீட்டர் வேகம் என்று முடிவு செய்தது தொழிற்சாலை அல்ல. பேரிங் பழுதான சம்பவத்தில் பயணிகள் குர்ஜா நிலையத்தில் ஒரு சதாப்தி ரயிலுக்கு மாற்றப்பட்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். பழைய ரயில் கைவசம் இருந்ததன் பயன் அது. இரண்டாம் பதிப்பில், வெள்ளம் நிற்கும் பாதையில் அடிப்பகுதிக் கருவிகள் தாங்கும் நீர்மட்டத்தை 400 மில்லிமீட்டரிலிருந்து 650 மில்லிமீட்டராக உயர்த்தியதும், மின்சாரம் நின்றால் மின்கலம் தாங்கும் நேரத்தை நீட்டியதும், முதல் இரண்டு ரயில்களை ஓட்டிப் பெற்ற அனுபவத்தால் வந்தவை என்றே எனக்குத் தோன்றுகிறது. இரண்டே ரயிலை மூன்றாண்டு ஓட்டிவிட்டுப் பிறகு பெருக்கியது நிர்வாகக் குழப்பங்களின் விளைவாகவும் இருக்கலாம். ஆனால் பொறியியல் கண்ணால் பார்த்தால் அந்தத் தாமதம் நன்மையாகவே முடிந்தது.

ஃபிராவுக்குத் திரும்புவோம். 2012 டிசம்பரில் அதன் நிலைமை டென்மார்க்கையோ பிரிட்டனையோவிட மோசமாக இருந்ததற்குக் காரணம், பழைய ரயிலை அதே நாளில் ஒழித்ததுதான் என்று நான் கருதுகிறேன். அதற்கு முன் அந்தக் கோடையிலிருந்து ஆம்ஸ்டர்டாம்–ராட்டர்டாம் இடையே சில நடைகளை ஃபிராவே ஓட்டிக்கொண்டிருந்தது. அப்படியே இன்னுமொரு குளிர்காலத்தைக் கழித்திருக்கலாம். பணம் அதற்கு விடவில்லை. அதிவேகப் பாதையைப் பயன்படுத்தும் உரிமைக்காக டச்சு ரயில்வே அரசுக்கு ஆண்டுதோறும் பெருந்தொகை தருவதாக 2001இல் ஏலத்தில் ஒப்புக்கொண்டிருந்தது. ஓடாத ரயிலுக்காக அந்தத் தொகை ஏறிக்கொண்டே போனது. மெதுவான, மலிவான பழைய ரயில் பக்கத்திலேயே ஓடினால் விலையேறிய புதிய ரயிலில் யார் ஏறுவார்கள் என்ற கணக்கும் இருந்தது. 2015 அக்டோபரில் வெளிவந்த டச்சு நாடாளுமன்ற விசாரணை அறிக்கையின் தலைப்பே, பயணி குளிரில் விடப்பட்டார் என்ற பொருள்பட அமைந்திருந்தது. அறிக்கை வெளியான நாளிலேயே அரசில் ரயில் துறைப் பொறுப்பில் இருந்த வில்மா மன்ஸ்வெல்ட் பதவி விலகினார். ரயில் நின்ற பின், ஹேக் நகரிலிருந்து பிரசெல்ஸுக்குப் பழைய பாணி ரயிலை மறுபடி கொண்டுவரவே வாரக்கணக்கில் ஆயிற்று. பெட்டிகளும் எஞ்சின்களும் வேறு வேலைக்குப் போய்விட்டிருந்தன.

அன்சால்டோபிரெடா 2014இல் நெதர்லாந்தோடு சமரசம் செய்து, 12.5 கோடி யூரோவைத் திருப்பித் தந்து, ரயில்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மறு ஆண்டு அந்த நிறுவனத்தையே ஹிட்டாச்சி வாங்கியது. பிரிட்டனின் 802 வகை ரயில்களில் ஒரு பகுதி, ஃபிரா பிறந்த அதே பிஸ்டோயா தொழிற்சாலையில்தான் கட்டப்பட்டது. திரும்பி வந்த ரயில்களைச் செப்பனிட்டு இத்தாலிய ரயில்வேக்கு விற்றார்கள். 2019 முதல் அவை ஈ.டி.ஆர். 700 என்ற பெயரில் மிலானிலிருந்து அட்ரியாட்டிக் கடற்கரையோரமாகத் தெற்கே ஓடுகின்றன. அந்தக் கடற்கரைப் பாதையில் நாட்டு எல்லை இல்லை. மேல்நிலைக் கம்பியில் 3,000 வோல்ட் மட்டும்தான். டச்சுக்காரர்களோ, 300 கிலோமீட்டர் வேகத்துக்கெனக் கட்டிய தங்கள் பாதைக்கு, அடுத்த முறை 200 கிலோமீட்டருக்குமேல் போகாத அல்ஸ்டோம் ரயில்களை வாங்கினார்கள். 2021இல் வர வேண்டிய அந்த ரயில் 2023 ஏப்ரலில் முதல் பயணிகளை ஏற்றியது. அதுவரை, 2009இல் இடைக்கால ஏற்பாடு என்று சொல்லிக் கொண்டுவந்த பழைய பெட்டிகளே ஓடிக்கொண்டிருந்தன.